துண்டு வெட்டிய பிறகு யார் வருவார்?

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் ஒரு முதியவருக்கு நடுச்சாமத்தில் பாரிசவாதம் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைப்பார்கள். அம்புலன்ஸ் வரும். மானிப்பாய் வீதியால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கட்டிலுக்கோ மருந்துக்கோ வைத்தியருக்கோ யாரும் காசு கேட்பதில்லை. பெரும்பாலும் உயிர் தப்பிவிடும். ஒரு கிழமையோ பத்து நாளோ கழித்து மிசி வந்து சொல்வார்: "துண்டு வெட்டியாச்சு, கூட்டிக்கொண்டு போங்கோ."

கூட்டிக்கொண்டு வந்த வீட்டில் இருப்பது எழுபது தாண்டிய மனைவி மட்டுந்தான். கழிப்பறை வளவின் பின்பக்கத்தில், குந்தியிருக்கும் வகை. ஒரு பக்கம் இயங்காத மனிதரை அங்கே நடத்திக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர அந்த அம்மாவால் முடியாது. கிளினிக் கொப்பியில் பிசியோதெரப்பிக்குத் திகதி போட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஓட்டோ பிடிக்க வேண்டும், ஏற்றி இறக்க ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பரிசிலும் இருக்கிறார்கள். காசு அனுப்புகிறார்கள், இரவில் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள். ஆனால் அப்பாவைப் பிரட்டிக் கிடத்த அவர்களால் முடியாது. ஓரிரு மாதத்தில் இடுப்பில் படுக்கைப் புண் வரும். பிறகு மறுபடியும் அம்புலன்ஸ், மறுபடியும் அதே வார்ட்.

இதில் வைத்தியரின் குற்றம் எதுவுமில்லை. மிசியின் குற்றமும் இல்லை. ஒரு நாளில் அவர்கள் பார்த்து முடிக்கும் நோயாளர் தொகையைக் கண்டவர்கள் அவர்களை நோகமாட்டார்கள். இலங்கையின் இலவச மருத்துவம் பெருமைப்பட வேண்டிய ஒன்று என்பதிலும் மறுபேச்சில்லை. ஆனால் அது வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பார்ப்பது ஒரு தனித் தொழில். மருத்துவ சமூகப்பணி என்ற அந்தத் தொழிலுக்கு உலகில் நூற்றிருபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. சண்டிலிப்பாய் போன்ற ஓர் ஊரில் கலைப்பிரிவில் உயர்தரம் படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைக்கு அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

1895 இல் லண்டன் ரோயல் ஃப்றீ வைத்தியசாலை மேரி ஸ்டுவர்ட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தது. காசு கட்டக்கூடியவர்கள் இலவச சிகிச்சைக்கு வருகிறார்களா என்று பார்த்து வடிகட்டுவதே அவருக்குக் கொடுத்த வேலை. வெளிநோயாளர் பிரிவில் இருந்து ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கியவர், ஏமாற்ற வந்தவர்களைவிட, மருந்தை வாங்கிப் போயும் சாப்பாடின்றி நோய் மாறாமல் திரும்பி வருபவர்களையே அதிகம் கண்டார். வடிகட்ட வந்தவர் உதவி தேடிக் கொடுப்பவராக மாறினார். பத்து ஆண்டு கழித்து, 1905 இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மாசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையின் மருத்துவர் ரிச்சர்ட் கபொட் அதே உண்மையை வேறு பக்கத்தால் வந்து தொட்டார். நாள் முழுக்க உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ள தொழிலாளிக்கு ஓய்வும் நல்ல உணவும் எழுதிக் கொடுப்பதில் என்ன பயன் என்பதே அவரை உறுத்திய கேள்வி. நோயாளியின் வீட்டையும் வேலையையும் அறியாமல் நோயைக் கண்டறிந்து பயனில்லை என்று முடிவு கட்டி, கார்னெட் பெல்ற்றன் என்ற தாதியை அதற்கென நியமித்தார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்ற ஐடா கனன் இந்த வேலையைப் படித்துப் பயில வேண்டிய ஒரு துறையாக வளர்த்தெடுத்தார். தொடக்கத்தில் வைத்தியசாலை நிர்வாகம் இதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கபொட் தன் கைப்பணத்தையும் போட்டுத்தான் நடத்தினார்.

அந்த மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக்கும் சண்டிலிப்பாய்க்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அங்குள்ள வூஸ்டரில் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, சண்டிலிப்பாய்க்குப் பக்கத்து ஊரான மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். ஆங்கிலத்தில் தொடங்கிய பாடத்தைப் பின்னர் தமிழுக்கு மாற்றினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய மேனாட்டு மருத்துவ நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் அச்சேறின. 1873 இல் அவர் ஊர் திரும்பும்போது அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பயிற்றுவித்திருந்தார். அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் மானிப்பாயில் இருக்கிறது. சற்று மேற்கே மூளாயில் 1930களில் ஊர்மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே எழுப்பினார்கள். வலிகாமத்தின் இந்தப் பக்கத்துக்கு மருத்துவத்தில் முன்கை எடுப்பது புதிதல்ல. உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே தமிழில் கற்பிக்க முடிந்த மண்ணில், நோயாளியோடும் வீட்டாரோடும் தமிழில் கதைப்பதையே அடிப்படையாகக் கொண்ட ஒரு தொழிலுக்கு இன்னும் ஒழுங்கான இடம் இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இந்தப் படிப்பு ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் வேர் பிடித்தது. 1952 இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னை சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். அதே 1952 இல்தான் இலங்கையில் சமூகப்பணி நிறுவனமும் தொடங்கியது. அதன்பின் பாதைகள் பிரிந்தன. இந்தியாவில் அதற்கு முன்னரே, 1946 இல், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவ சமூகப்பணியாளர் நியமிக்கப்பட்டிருந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957 இல் தொடங்கிய மனநல நிலையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருக்க இடம் கொடுத்தது. வீட்டார் நோயைப் புரிந்துகொண்டு பராமரிப்பையும் கற்றுக்கொண்டு போகும் முறை அது. 1993 இல் சென்னைத் தெருவில் மனநோயோடு அலைந்த ஒரு பெண்ணைக் கண்ட இரண்டு இளம் பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும், தொடங்கியதுதான் 'தி பேன்யன்'. இன்று அது தமிழ்நாட்டில் மனநலப் பராமரிப்பின் முக்கிய அமைப்புகளில் ஒன்று.

உறுப்புத் தானம் இன்னும் தெளிவான உதாரணம். 2008 செப்டெம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. அந்தப் பெற்றோர் மருத்துவர்கள், தாமாகவே புரிந்துகொண்டார்கள். மற்றக் குடும்பங்களிடம், நெஞ்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைக் காட்டி, உயிர் போய்விட்டது என்று விளக்கி, அழ விட்டு, காத்திருந்து, உரிய நேரத்தில் கேட்பவர் யார்? உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். இந்திய அரசு 1994 ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தை 2011 இல் திருத்தி அந்தப் பணியாளர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. அதற்கான தகுதிகளில் சமூகப்பணி முதுகலைப் பட்டமும் சேர்ந்திருக்கிறது. சமூகப்பணி படித்தவருக்கு மருத்துவமனைக்குள் சட்டமே ஒரு கதிரை போட்டுக் கொடுத்திருக்கிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இலங்கையில் 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம், 1952 இல் தொடங்கிய அந்தச் சமூகப்பணி நிறுவனத்தைத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் ஆக்கியது. அங்கே சமூகப்பணி இளமாணிப் பட்டம் 2005 இலும் முதுமாணிப் பட்டம் 2008 இலும் வந்தன. 1952 க்கும் 2005 க்கும் இடையில் அரை நூற்றாண்டு! அந்த அரை நூற்றாண்டில்தான் வடக்கு போரின் பெரும்பகுதியைக் கண்டது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் மொத்தமாக இடம்பெயர்ந்து நடந்தபோது சண்டிலிப்பாயும் நடந்தது. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மனநிலை குழம்பியவர்களும் அந்தச் சனத்துக்குள் நடந்தார்கள்.

படிப்பு இல்லாவிட்டாலும் வேலை நடக்காமல் இருக்கவில்லை. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு நின்றவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்களை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று கண்டு, ஆசிரியர்களையும் கிராம மட்ட உத்தியோகத்தர்களையும் தொண்டர்களையும் உளசமூகப் பணிக்குப் பயிற்றுவித்தார்கள். சாந்திகம் போன்ற அமைப்புகள் உளவளத்துணையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோயின. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு முகாம்களில், 1983 க்குப் பின் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளுக்குள்ளிருந்தே சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கியது. பட்டமில்லாமல், பதவி நிரந்தரம் இல்லாமல், பல நேரம் சம்பளமும் ஒழுங்காக இல்லாமல் அந்த மனிதர்கள் செய்த வேலையை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். ஆனால் நெருக்கடிக் காலத்துக்குத் தொண்டர்களை வைத்துச் செய்ததையே எந்நாளைக்கும் தொண்டர்களை வைத்துச் செய்வது சரியல்ல. நிதி வந்தால் திட்டம் இருக்கும், நிதி முடிந்தால் பணியாளர் வீட்டுக்குப் போய்விடுவார், நோயாளி மட்டும் மிஞ்சுவார். வடக்கு இதைப் பல தடவை பார்த்துவிட்டது.

இப்போது மனநலப் பிரிவுகளில் உளநல சமூகப் பணியாளர் என்ற பதவி உண்டு. வீட்டு வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக அரச வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' இயங்குகிறது. இரண்டும் நல்ல தொடக்கங்கள். ஆனால் இருதய வார்ட்டிலோ, இரத்தச் சுத்திகரிப்புக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வருபவர்கள் இருக்கும் இடத்திலோ, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ இப்படி ஒருவரைத் தேடும் வழக்கம் இன்னும் வரவில்லை. தெல்லிப்பழையில் அந்தப் புற்றுநோய்க் கட்டடம் எழ, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து காசு சேர்த்தார்கள். கட்டடத்துக்கு நடந்த நாடு, அந்தக் கட்டடத்துக்குள் பயந்துபோய் இருக்கும் ஒரு தாயோடு உட்கார்ந்து கதைக்கப் படித்த ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்க முடியாதா?

"எங்கட ஊரில சொந்தபந்தம் இருக்குத்தானே, இதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஒரு காலத்தில் அதற்குத் தேவையில்லை என்றே பதில் சொல்லியிருக்கலாம். இன்று சண்டிலிப்பாயில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் இரண்டு முதியவர் மட்டும் இருக்கும் வீடுகளும் வேறு பதில் சொல்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். அங்கே அவருடைய மாமியாரை வைத்தியசாலையிலிருந்து அனுப்புவதற்கு முன் சமூகப்பணியாளர் தொலைபேசி எடுத்திருப்பார்: வீட்டில் படி இருக்கிறதா, குளியலறையில் பிடி இருக்கிறதா, பகலில் யார் கூட இருப்பார்கள் என்று கேட்டிருப்பார். ஒன்ராறியோவில் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெறாத ஒருவர் தன்னைச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. அதே மகளின் தகப்பனாரைச் சண்டிலிப்பாய்க்கு அனுப்பும்போது அந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லை.

சொந்தபந்தம் இருக்கும் இடத்திலும் சொல்லாமல் மறைப்பவை உண்டு. பிள்ளைக்கு மனநோய் என்றால் தங்கைக்குக் கலியாணம் பேச முடியாது என்று மறைப்பார்கள். கசநோயை மறைப்பார்கள். அடிபட்டு வந்த பெண் படியில் விழுந்ததாகச் சொல்வாள். தன்னுயிரை மாய்க்க முயன்று காப்பாற்றப்பட்டவர், எந்தச் சண்டையிலிருந்து தப்பப் பார்த்தாரோ அதே வீட்டுக்கு நான்கு நாளில் திரும்பிப் போவார். அயலவர் எட்டிப் பார்ப்பார்களே தவிர வந்து கதைக்கமாட்டார்கள். எந்த வீட்டில் யார் படி ஏறலாம், யார் கையால் தண்ணீர் வாங்குவார்கள் என்ற சாதிக் கணக்கும் ஊரில் இன்னும் செத்துப்போகவில்லை. இந்த இடங்களில் நல்ல மனம் மட்டும் போதாது. கேட்டதை வெளியே விடாத கட்டுப்பாடு வேண்டும். தன் சாதி, தன் சமயம், தன் கோபம் எல்லாவற்றையும் படலைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போகப் பழகியிருக்க வேண்டும். அதைத்தான் மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி கற்றுக்கொடுக்கிறது. இந்தப் படிப்பின் உயிரே களப்பயிற்சிதான். பரீட்சைக்குக் குறிப்புப் பாடமாக்கி எடுக்கும் பட்டமாக இதை நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

வைத்தியசாலையில் வேலை செய்ய எண்ணிச் சமூகப்பணி படிக்கும் பிள்ளை வேறு சிலவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நீரிழிவால் கால் அகற்றுவது என்றால் என்ன, இரத்தச் சுத்திகரிப்பு ஒரு குடும்பத்தின் கிழமையை எப்படித் தின்கிறது, பாரிசவாதத்துக்குப் பின் முதல் மாதங்கள் ஏன் முக்கியம் என்று மருத்துவரின் பேச்சு விளங்கும் அளவுக்காவது மருத்துவ அறிவு வேண்டும். சட்டமும் தெரிய வேண்டும். பெற்ற பிள்ளையிடம் பராமரிப்புக் கேட்க வழி செய்யும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் ஆகியவை கைவசம் இருக்க வேண்டும். எந்தக் கந்தோரில் எந்தப் படிவம் என்பதும் மனப்பாடமாக வேண்டும். சத்திரசிகிச்சைக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கு முன்பெல்லாம் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது; 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளர், சிறுநீரக நோயாளர், முதியோர் கொடுப்பனவுகளுக்கும் பிரதேச செயலகந்தான் வழி. இவை எல்லாம் இருக்கின்றன என்பதே தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைக்கும் குடும்பங்கள் உண்டு. சரியான நேரத்தில் சொல்லிக் கொடுக்கப்படும் ஒரு தகவல், அந்தக் குடும்பத்துக்கு மருந்துக்குச் சமம்.

சுமையையும் மறைக்கக் கூடாது. பெரிய சம்பளம் இல்லை. வைத்தியர்களின் மதிப்பைப் பெறுவதற்கே சில காலம் போகும். சாவையும் வறுமையையும் நாள்தோறும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நித்திரை கொள்வதும் பழகித்தான் வரும். ஆனாலும், இசட் புள்ளி போதாததால் மருத்துவ பீடக் கனவைக் கைவிட்ட பிள்ளையும், கலைப்பிரிவில் படித்ததால் வைத்தியசாலை தனக்குரிய இடமல்ல என்று நினைக்கும் பிள்ளையும் இதை அறிய வேண்டும்: நோயாளிக்குப் பக்கத்தில் நிற்க வெள்ளைக் கோட்டு ஒன்றுதான் வழி என்றில்லை.

படித்தால் வேலை எங்கே? இந்தக் கேள்விக்கு அரசு பதில் சொல்லாமல் பிள்ளைகளைப் படிக்கச் சொல்வது அநியாயம். காசு இல்லை என்ற பதிலை ஏற்க முடியாது. 2020 இல் ஐம்பதாயிரம் அளவில் பட்டதாரிகளை உள்வாங்கும் திட்டம் நடந்தது. அதற்கு முன்னும் தொகையாக அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் எடுக்கப்பட்டார்கள். என்ன வேலை என்று தெளிவாகச் சொல்லப்படாமல் பிரதேச செயலகங்களில் கதிரை தேடும் பட்டதாரிகளில் விருப்பமுள்ளவர்களைத் தெரிந்து, முறையான சமூகப்பணிப் பயிற்சி கொடுத்து, வைத்தியசாலைகளோடு இணைத்தால் புதிய சம்பளம் அதிகம் தேவைப்படாது. விருப்பமுள்ளவர்களை மட்டும் எடுக்க வேண்டும். பட்டியலை நிரப்ப ஆட்களைத் தள்ளினால் நோயாளிக்குத்தான் கேடு.

சண்டிலிப்பாய் இதைத் தொடங்கப் பொருத்தமான இடம். வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகம் இங்கேதான் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் இங்கேதான். குடும்ப நல உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் கிராம அலுவலரும் ஏற்கெனவே வீடுகளுக்குப் போகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் கொப்பியோடு போகிறார்கள். பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழையிலும் இந்தப் பிரிவைச் சேர்ந்த யார் யாருக்குத் துண்டு வெட்டப்படுகிறது என்பதை முன்கூட்டியே அறிந்து, வீட்டைப் பார்த்து, கழிப்பறைக்குப் பிடி போடுவது முதல் கொடுப்பனவுப் படிவம் வரை ஒழுங்கு செய்து, மூன்று மாதம் தொடர்ந்து போய்வரப் பயிற்சி பெற்ற இரண்டு பேரை வைத்து ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். திரும்ப வார்ட்டுக்கு வருபவர் குறைகிறார்களா என்பதை வைத்தியசாலைப் பதிவேடே காட்டும்.

வடமாகாண சுகாதார அமைச்சு இந்த இரண்டு பதவிகளையும் உருவாக்கட்டும். 1978 முதல் மருத்துவ பீடத்தையும், அதற்கு முன்பிருந்தே கலைப் பாடங்களையும் நடத்திவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், இரண்டு பீடங்களும் சேர்ந்து கற்பிக்கும் மருத்துவ சமூகப்பணிப் பட்டம் ஒன்றைத் தமிழில் தொடங்கட்டும். பாடசாலைகளில் உயர்தர மாணவருக்குத் தொழில் வழிகாட்டும் ஆசிரியர்கள் இந்தத் தொழிலின் பெயரையும் தங்கள் பட்டியலில் இந்த ஆண்டே சேர்க்கட்டும்.